கூடி ஓடும்போது கால் ஏன் வலிப்பதில்லை?

ரிங்லெட்டில் சமதரை அரிது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கேமரன் மலையின் முதல் ஊர் அது; கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. கடைத்தெரு, பள்ளி, கோயில், தேயிலைத் தோட்டத்து லயம், எல்லாமே சரிவில் உட்கார்ந்தவை. பிள்ளைகளுக்கு வாசலைத் தாண்டினாலே ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். மாலையில் ஒரு பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். "கால் வலிக்குதும்மா, அண்ணன போகச் சொல்லுங்க" என்று முகம் சுருங்கும். அரைமணி கழித்து அதே பிள்ளை நாலு பேரோடு காலா பாஞ்சாங் ஆடப் போகும். தரையில் கோடு கிழித்து, கோட்டுக்கு ஒருவராகக் காவல் நிற்க, தொடப்படாமல் எல்லாக் கோட்டையும் கடந்து திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிளித்தட்டு என்று ஆடுவதும் ஏறக்குறைய இதுதான். இருட்டும்வரை ஓட்டம். கடைக்குப் போய் வருவதைப்போலப் பல மடங்கு தூரம் அந்தக் கால்கள் ஓடியிருக்கும். வலி என்ற பேச்சே இருக்காது.

பெற்றோர் இதற்கு வைத்திருக்கும் பெயர் சாக்கு. அறிவியல் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை, உடம்பு இரண்டு வேளையிலும் ஒன்றுபோல் இல்லை என்கிறது. விளையாட்டில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன: உடல் உழைப்பு, மற்றவரோடு சேர்ந்து இயங்குவது, வெட்டவெளி. ஆராய்ச்சியாளர்கள் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளந்திருக்கிறார்கள். எப்படிப் பிரித்தார்கள் என்று தெரிந்துகொண்டால், நம் பிள்ளைகளின் நலக்கல்வி வகுப்பு எங்கே நடக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தனியாகவும் பல கை சேர்ந்தும்

கடுமையாக உடற்பயிற்சி செய்தால் மூளை எண்டார்பின் என்ற பொருளைச் சுரக்கிறது. நம் உடம்பு தானே தயாரிக்கும் வலிநீக்கி அது. அபினியிலிருந்து எடுக்கும் மார்பின் மூளையில் எந்த ஏற்பிகளில் போய் ஒட்டுகிறதோ, அதே ஏற்பிகளில் எண்டார்பினும் ஒட்டுகிறது. வலி குறையும், மனசு லேசாகும்.

இதை அளப்பதில் ஒரு சிக்கல். இரத்தத்தில் இருக்கும் எண்டார்பின் அளவு மூளைக்குள் இருக்கும் அளவைக் காட்டாது. இரண்டுக்கும் நடுவே தடுப்பு உண்டு. மூளையில் இருப்பதை நேரடியாக அறிய முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும், அல்லது விலையுயர்ந்த ஸ்கேன் எடுக்க வேண்டும். விளையாடிவிட்டு வருகிறவரிடம் இதெல்லாம் நடக்காது. அதனால் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார்கள். எண்டார்பின் கூடினால் வலியைத் தாங்கும் எல்லை உயர வேண்டும் அல்லவா? கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்து இறுக்கிக்கொண்டே போய், "போதும், வலிக்கிறது" என்று சொல்லும் புள்ளியைக் குறித்துக்கொண்டால் போதும். இதை வலித்தாங்கெல்லை என்போம்.

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எம்மா கோஹன், ராபின் டன்பார் குழுவினர் இந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு படகோட்டும் மாணவர்களிடம் போனார்கள். ஆய்வு 2010-இல் அச்சானது. பன்னிரண்டு பேர், அறைக்குள் வைத்த துடுப்புப் பயிற்சிப் பொறியில் 45 நிமிடம் துடுப்புப் போட்டார்கள். சில நாள் தனித்தனியே, சில நாள் ஆறு பேர் ஒரே படகில் இருப்பதுபோல் தாளம் தப்பாமல் சேர்ந்து. இரண்டு முறையும் அவர்கள் செலவிட்ட உழைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. தனியாகத் துடுப்புப் போட்டபோதே வலித்தாங்கெல்லை உயர்ந்தது. சேர்ந்து போட்டபோது அந்த உயர்வு ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பன்னிரண்டே பேர், அதுவும் வளர்ந்த ஆண்கள், பழகிய விளையாட்டு வீரர்கள். இதை வைத்துத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பது நியாயம். ஐந்து ஆண்டு கழித்து அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்வின் டார் என்ற ஆய்வாளர் பிரேசிலில் 264 உயர்நிலைப்பள்ளி மாணவர்களை ஆட வைத்தார். சிலருக்கு உடம்பு முழுவதையும் அசைக்கும் ஆட்டம், சிலருக்கு உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைப்பது. இந்த இரண்டு பிரிவிலும் சிலர் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்தார்கள்; மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்தார்கள். ஆக நான்கு குழு. உழைப்பையும் சேர்ந்து இயங்குவதையும் இப்படித்தான் தனித்தனியாகக் கழற்ற முடிந்தது.

உழைப்பு தன் பங்குக்கு வலித்தாங்கெல்லையை உயர்த்தியது. ஒன்றுபோல் அசைவதும் தன் பங்குக்கு உயர்த்தியது. உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் அசைத்தவர்களிடமும் அது தெரிந்தது. ஒன்றுபோல் அசைந்தவர்கள், பக்கத்தில் இருந்தவர் தமக்கு நெருக்கமானவர் என்றும் சொன்னார்கள். சில நிமிடம் முன்புவரை அப்படி இல்லை.

இதை ஒத்தியக்கம் என்று அழைக்கலாம். கபடியில் எதிராளியை வளைக்கக் கைகோத்து நகரும்போதும், காலா பாஞ்சாங்கில் அடுத்த கோட்டுக்காரனின் அசைவைப் பார்த்து நாம் அசையும்போதும், கோயில் திருவிழாவில் கோலாட்டம் ஆடும்போதும் நடப்பது இது. கடைக்குத் தனியாக ஏறிப் போகும் பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை.

யாரையும் வெளியே அனுப்பாத ஆட்டம்

ஒத்தியக்கம் ஒரு குழுவை நெருக்கமாக்கும் என்றால், குழுவுக்கு வெளியே இருப்பவன் என்ன ஆவான்? பிள்ளைகளைச் சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று பிரித்த அடுத்த நிமிடமே "எங்க ஆளு, உங்க ஆளு" தொடங்கிவிடும். ஆசிரியர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

பஹார் துஞ்ச்கென்ச் என்ற ஆய்வாளர் எம்மா கோஹனோடு சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. பிள்ளைகளை இரு அணியாகப் பிரித்தார்கள். சிலரை இரண்டு அணியும் ஒரே தாளத்தில் அசையும்படியும், மற்றவர்களை அணிக்கொரு தாளத்தில் அசையும்படியும் செய்தார்கள். பிறகு கேள்வித்தாள் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடக்கூடும் என்பதால் இன்னொன்றும் வைத்திருந்தார்கள்: தீவு விளையாட்டு. தரையில் குறித்த இடங்களில் யார் யாருக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பது. வாய் சொல்லாததைக் கால் சொல்லும். ஒரே தாளத்தில் அசைந்த பிள்ளைகள் எதிரணிக்காரர்களோடும் நெருங்கியிருந்தார்கள்.

விளையாட்டின் விதியே நடத்தையை மாற்றுமா என்பதை அமெரிக்காவில் 1994-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நான்கு, ஐந்து வயது மழலையர் எழுபது பேர். சில நாள் போட்டி விளையாட்டு, சில நாள் கூட்டு விளையாட்டு. பிறகு வரிசையை மாற்றினார்கள். அடிப்பது, தள்ளுவது, பிடுங்குவது ஒரு பக்கமும், பகிர்வது, உதவுவது மறுபக்கமும் எண்ணப்பட்டன. கூட்டு விளையாட்டு நடந்த நாள்களில் முரட்டுத்தனம் குறைந்தது, ஒத்துழைப்பு கூடியது. போட்டி விளையாட்டுக்கு மாற்றியதும் நிலைமை தலைகீழ். பிள்ளைகள் அவர்களேதான். விதியை மாற்றியபோதெல்லாம் நடத்தையும் மாறியது என்பதால், "இயல்பிலேயே சாதுவான பிள்ளைகளாக இருந்திருப்பார்கள்" என்று இதைத் தள்ளிவிட முடியாது.

விதியை மாற்றுவது எவ்வளவு எளிது என்பதற்கு இசைநாற்காலி ஒன்றே போதும். வழக்கமான ஆட்டத்தில் பாட்டு நின்றதும் நாற்காலி கிடைக்காதவர் வெளியே. முதல் சுற்றிலேயே வெளியேறுவது பெரும்பாலும் மெதுவாக ஓடும் பிள்ளை, அதாவது அதிகம் ஓட வேண்டிய பிள்ளை. கூட்டு ஆட்டத்தில் நாற்காலி குறையும், ஆள் குறைய மாட்டார். மிச்சம் இருக்கும் நாற்காலிகளில் எல்லாரும் எப்படியாவது உட்கார வேண்டும். கடைசியில் ஒரே நாற்காலியில் ஏழெட்டுப் பேர் ஒருவர் மடியில் ஒருவராகத் தொங்கும்போது கிளம்பும் சிரிப்பை எந்தக் கோப்பையும் தராது. உடல்நலக் கணக்கிலும் இதுதான் லாபம். கடைசிப் பிள்ளையும் கடைசிச் சுற்றுவரை அசைந்துகொண்டே இருக்கிறது.

போட்டியே கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்டத் தேவையில்லை. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் 22 சிறுவர்களைக் காட்டு முகாம் ஒன்றில் இரண்டு அணியாகத் தங்கவைத்தார். கயிறு இழுத்தல் முதலிய போட்டிகள் சில நாளில் கொடி எரிப்பு, கைகலப்பு வரை போயின. சேர்த்து உட்காரவைத்துச் சோறு போட்டும் சண்டை ஓயவில்லை. ஓய்ந்தது எப்போது என்றால், முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது, சாப்பாட்டு லாரி கிளம்ப மறுத்தது போன்ற தொல்லைகளை இரு அணியும் சேர்ந்து தீர்க்க வேண்டியிருந்தபோது. லாரியை இழுக்க அவர்கள் எடுத்து வந்தது முன்பு போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிறு. அந்தத் தொல்லைகளைத் திட்டமிட்டு உண்டாக்கியது ஆய்வாளர்கள் என்பது சிறுவர்களுக்குத் தெரியாது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஓர் ஆய்வை அனுமதிக்காது. ஆனால் சேர்ந்து இருப்பது போதாது, சேர்ந்து செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று வேண்டும் என்ற பாடம் நிலைத்துவிட்டது. பள்ளியில் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணி நடத்திப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேகம் மூடிய வெளிச்சம்

இதெல்லாம் மண்டபத்துக்குள்ளும் நடக்குமே, வெளியே ஏன் போக வேண்டும்? இதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: கண் மருத்துவம்.

கிட்டப்பார்வை என்றால் கண்விழி முன்பின்னாகக் கொஞ்சம் கூடுதலாக நீண்டுவிடுவது. தூரத்துக் காட்சி விழித்திரைக்கு முன்பே குவிந்து, கரும்பலகை மங்கலாகிறது. அப்பா அம்மா கண்ணாடி போட்டிருந்தால் பிள்ளைக்கும் வரும், நிறையப் படித்தால் வரும் என்பது பொதுவான எண்ணம். கேத்ரின் ரோஸும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஒப்பீடு அந்த எண்ணத்தை அசைத்தது. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகள், வயது ஆறு, ஏழு. பெற்றோரிடம் கிட்டப்பார்வை இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகவும் படிக்கவில்லை. பெரிதாக வேறுபட்டது ஒன்றுதான்: வாரத்தில் வெட்டவெளியில் கழித்த நேரம் சிட்னியில் 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி.

ஒப்பீடு சந்தேகத்தைக் கிளப்பும், உறுதி செய்யாது. இரண்டு நாட்டுக்கும் இடையே வேறு எத்தனையோ வித்தியாசம் இருக்கலாம். உறுதி செய்யச் சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு தொடக்கப்பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஆறு பள்ளிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு கூடுதல். மற்ற ஆறில் எதுவும் மாறவில்லை. ஏறத்தாழ 1,900 பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் வெளியே போன பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்றவற்றில் 39.5 விழுக்காடு. 2015-இல் முடிவு வெளியானது. நாற்பது நிமிடம் நோயை ஒழிக்கவில்லை, ஆனால் நூற்றுக்கு ஒன்பது பிள்ளைகளின் கணக்கு மாறியிருக்கிறது.

வெளியே என்ன இருக்கிறது? வெளிச்சம். ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். விளக்கு எரியும் வகுப்பறை சில நூறு லக்ஸ். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம். நேர் வெயிலில் ஒரு லட்சம் தொடும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. விழித்திரைக்கு உறைக்கிறது. நல்ல வெளிச்சம் பட்டால் அது டோபமைன் என்ற பொருளை வெளியிடுகிறது. விழி நீளுவதை அது தடுக்கிறது. காய்கறி ஏற்றிக்கொண்டு ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி தானாக இறங்கும். ஓட்டுநர் வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் வேகத்தைக் கைக்குள் வைக்கிறார். வளரும் கண்ணும் தானாக நீளும். பகல் வெளிச்சம் நாள்தோறும் தொடும் பிரேக் டோபமைன்.

இது வெறும் ஊகம் அல்ல. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கோழிக்குஞ்சுகளின் கண்ணில் மங்கலான மூடியைப் பொருத்திக் கிட்டப்பார்வையை உண்டாக்கினார்கள். பிரகாசமான வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுகளுக்குப் பாதிப்பு குறைந்தது. டோபமைன் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்தைக் கண்ணில் செலுத்தியதும் வெளிச்சம் தந்த பாதுகாப்பு போய்விட்டது.

மலைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. தைவானில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஆயிரம் லக்ஸ் அளவான மிதமான வெளிச்சமும் பயன் தருவது தெரிந்தது. அதாவது மரநிழல் போதும். "பனி மூட்டமாக இருக்கே" என்று வகுப்பை உள்ளேயே வைத்துக்கொள்ளக் காரணமில்லை.

மண் தரும் பயிற்சி

வெட்டவெளியில் வெளிச்சத்தோடு மண்ணும் இருக்கிறது. பின்லாந்தில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 75 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. சில காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டுத்தரையையும் புல்தரையையும் கொண்டுவந்து பதித்துச் செடித்தொட்டி வைத்தார்கள். பிள்ளைகள் அதில் தோண்டினார்கள், நட்டார்கள், உருண்டார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. நோய் எதிர்ப்பு அணுக்கள் தேவையில்லாமல் சீறாமல் அடக்கி வைக்கும் பொருள்களும் இரத்தத்தில் மாறின. ஒவ்வாமை உண்மையிலேயே குறையுமா என்பதை அந்த ஒரு மாதம் சொல்லாது. உடம்பு எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் சொல்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லா மண்ணும் ஒன்றல்ல. பூச்சிமருந்து அடிக்கும் காய்கறித் தோட்டத்தின் ஓரம் விளையாட்டு இடம் ஆகாது. கொக்கிப்புழு போன்ற குடற்புழுக்கள் மண் வழியாகத்தான் வருகின்றன. தோட்டப்புற மருத்துவத்துக்கு அவை பழைய எதிரிகள். காலில் செருப்போ சப்பாத்தோ, திடலிலிருந்து திரும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவல், இவை இரண்டும் இல்லாமல் மண் பாடம் முழுமை பெறாது. இதையும் கூட்டாகச் செய்யலாம்: இரண்டிரண்டு பேராக ஒருவர் கையை மற்றவர் பார்த்து, நகக்கண் சுத்தமா என்று சொல்லி அனுப்புவது. ஆசிரியர் அதட்டுவதைவிட இது நன்றாக நடக்கும்.

ரிங்லெட்டின் கால அட்டவணை

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 2011-இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில் உடற்கல்வியும் நலக்கல்வியும் ஒரே பாடத்தின் இரண்டு பகுதி. உடற்கல்வி திடலில் நடக்கும், நலக்கல்விக்குப் பாடநூல் இருக்கும். நான்காம் ஆண்டு முதல் செகாக் என்ற உடற்திறன் சோதனையும் உண்டு: பலகையில் ஏறி இறங்குவது, தண்டால், வயிற்றுப் பயிற்சி, காலை நீட்டி முன்னே எட்டுவது, கூடவே எடை உயரக் கணக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி மதிப்பெண். அது தேவைதான். ஆனால் மேலே பார்த்த துடுப்பு, ஆட்ட ஆய்வுகள் காட்டுவது, சேர்ந்து இயங்கும்போது வலியைத் தாங்கும் எல்லை உயர்கிறது என்பதை. 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கால் வலிக்கிறது என்று முதல் ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடும் பிள்ளையை அந்த 60 நிமிடத்துக்குக் கொண்டுபோவது அறிவுரையால் ஆகாது, கூட்டாளிகளால் ஆகும்.

நலக்கல்விப் பாடத்தையே திடலுக்குக் கொண்டுபோகலாம். இதயத்துடிப்புப் பாடத்தில் இருவர் இருவராக ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்து, ஓடுமுன்னும் ஓடியபின்னும் நாடி எண்ணட்டும். பாதுகாப்புப் பாடத்துக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2013 அக்டோபர் 23-இல் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது அணைக்குக் கீழே உள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது இன்னும் ஊர் நினைவில் இருக்கிறது. சைரன் ஒலித்தால் எந்தப் பக்கம் மேடு, பெரிய பிள்ளை எந்தச் சிறிய பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும், வழியில் யாராவது விட்டுப்போனால் யார் எண்ணிச் சொல்வது என்பதை ஒரு கூட்டு ஆட்டமாகவே பழகலாம். படித்துத் தெரிந்த பிள்ளை அந்த நேரத்தில் யோசிக்கும். ஆடிப் பழகிய பிள்ளையின் கால் முந்திக்கொள்ளும்.

மலைக்கென்று இரண்டு கணக்கும் உண்டு. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. குளிர்காற்று வீசுவதால் தோல் சுடுவது தெரியாது. மேகம் இருந்தாலும் தொப்பி வேண்டும். அடுத்தது மழை. இந்த மலையில் பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடித்துக்கொள்ளும். எனவே புறப்பாட வேளையான பிற்பகலுக்கு மட்டும் வெளிப்புற நடவடிக்கைகளை ஒதுக்கினால் பாதி நாள் மண்டபத்துக்குள்ளேயே முடியும். வாரத்தில் இரண்டு நாளாவது காலை ஒன்பது மணிப் பாடவேளையை நலக்கல்விக்குக் கொடுத்து, வகுப்பைத் திடலில் நடத்தலாம். அந்த நேரத்தில் தரை காய்ந்திருக்கும், ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும், வெயில் உச்சிக்கு வந்திருக்காது. புதுக் கட்டடமோ உபகரணமோ மானியமோ இதற்குத் தேவையில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்ற வேண்டியது அதில் இரண்டு கட்டம்தான்.